நாவல்பேட்டு ஆயருக்குப் பிள்ளைகள் இல்லை

நாவல்பேடு
17 ஜூன் 2024

கர்த்தருக்குள் பிரியமான பியூலாவுக்கு,

கிருபையும் சமாதானமும் உண்டாவதாக. நான் இங்கே நலம். உன் நலத்துக்காக நாள்தோறும் ஜெபிக்கிறேன்.

போனை நீ எடுப்பதில்லை. "சொல்ல வேண்டியதை எழுதுங்கள்" என்று ஒரு மெசேஜ் மட்டும் வந்தது. ஆகவே எழுதுகிறேன். நிச்சயமான பிறகு செமினரியிலிருந்து உனக்கு எழுதியதுதான் கடைசி. என் கையெழுத்து இப்போது எனக்கே பிடிபடவில்லை.

உனக்கு மூன்று காரியங்கள் சொல்ல வேண்டும். முதலாவது, ஆயர் இல்லம் நன்றாக இருக்கிறது. இரண்டு அறை, தண்ணீருக்குக் குறைவில்லை, வாசலில் முருங்கை. இரண்டாவது, சபையார் நல்லவர்கள். ஆனால் பார்க்கிறவர்கள் எல்லாம் "ஆயரம்மா எப்ப வர்றாங்க" என்று கேட்கிறார்கள். புது ஊருக்கு ஆயர் தனியாக வந்து இறங்கினால் என்னவெல்லாம் பேசுவார்கள் என்பது உனக்குத் தெரியாததல்ல. மூன்றாவது, பிப்ரவரியில் நடந்த காரியத்துக்குப் பிறகு காஞ்சிபுரத்தை விட்டு வர உனக்கு மனமில்லை என்பது எனக்குப் புரிகிறது. இருந்தாலும் மே மாதம் மாற்றல் வந்தால் ஆயர் போய்த்தான் ஆக வேண்டும். இருபத்தாறு வருஷமாக நாம் அப்படித்தான் போனோம். நீ ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை.

இம்மாதக் கடைசிக்குள் வந்துவிடு. நான் வேண்டுமானால் வண்டி ஏற்பாடு செய்கிறேன்.

கிறிஸ்துவின் பணியில்,
அன்புநாதன்


செவிலிமேடு, காஞ்சிபுரம்
24 ஜூன் 2024

என்னங்க,

கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் தபாலில் வந்தது போல இருந்தது. மூன்று காரியங்களும் இருந்தன, காணிக்கைப் பை மட்டும்தான் குறை. கட்டின பெண்டாட்டிக்குக் 'கிறிஸ்துவின் பணியில்' என்று கையெழுத்துப் போட உங்களால்தான் முடியும்.

போனை ஏன் எடுப்பதில்லை என்று சொல்லிவிடுகிறேன். நான் அழத் தொடங்கியதும் நீங்கள் "ஜெபிப்போம்" என்கிறீர்கள். ஜெபம் முடிந்தால் ஆமென் சொல்ல வேண்டும். ஆமென் சொன்ன பிறகு அழுவது எப்படி? காகிதத்தில் என்றால் நான் அழுது முடிக்கும்வரை யாரும் குறுக்கே வரமாட்டார்கள்.

பிப்ரவரியில் நடந்த காரியம் என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டடம் இடிந்து விழுந்ததா, கமிட்டித் தேர்தல் நடந்ததா? விஷால் செத்துப்போனான். நம் ஒரே பிள்ளை. பத்தொன்பது வயது. மூளைக் காய்ச்சல் என்றார்கள், ஒரு வாரம்கூட முழுதாக இல்லை. உங்கள் கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன், அவன் பெயரே இல்லை.

முகம் சுளித்ததில்லை என்பது உண்மைதான். எத்தனை ஊர், எத்தனை ஆயர் இல்லம். ஒரு செடி வைத்தால் அது பூக்கிறபோது வேறு ஆயரம்மா தலையில் வைத்துக்கொள்வாள். அதற்கும் சிரித்துக்கொண்டேதான் லாரியில் ஏறினேன். இந்தத் தடவை பிள்ளையை இங்கே மண்ணில் விட்டுவிட்டுப் பாத்திரத்தை மட்டும் கட்டச் சொன்னீர்கள். என் கை ஓடவில்லை. அவ்வளவுதான்.

நீலாம்பாள் வீட்டு மாடியில் இருக்கிறேன். கீழே இரண்டு தறி. காலையில் தறிச் சத்தம் கேட்டதும் எழுந்து நடக்கத் தொடங்குகிறேன். மாடிக்கும் படிக்கும், கடைக்கும் பஸ் ஸ்டாப்புக்கும், அங்கிருந்து கல்லறைத் தோட்டத்துக்கும். கருட சேவை அன்று பஸ்ஸை எல்லாம் நிறுத்திவிட்டார்கள், அன்றும் அந்தக் கூட்டத்தில் நடந்தே போய் வந்தேன். நீலாம்பாள் நேற்றுக் கேட்கிறாள்: "இன்னாமா, கால்ல சக்கரம் கட்டிக்கினு சுத்தறே. ஒரு நிமிசம் குந்தக் கூடாதா?" குந்தினால் அவன் காய்ச்சலில் முனகியது காதில் விழுகிறது, என்ன செய்ய?

வண்டி வேண்டாம்.

பியூலா


நாவல்பேடு
22 ஜூலை 2024

பியூலாவுக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் யாராவது கூப்பிட்டார்கள். அல்லது கூப்பிட்டால் தேவலை என்று நானே எழுந்து போனேன்.

இப்போது எழுதுவதற்கு ஒரு அவசரக் காரணம் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் எனக்குப் பிறகு வந்த ஆயர், சாமுவேல் தம்பி, நேற்று போன் செய்தார். மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். வெள்ளிக்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்கு அவர் மனைவி பிரவீனா போய் உட்கார்ந்தால் நான்கு பேர்கூட வருவதில்லையாம். மீதிப்பேர் எல்லோரும் செவிலிமேட்டில் உன் மாடியில் இருக்கிறார்களாம். கல்யாணப் பேச்சு, மாமியார் சண்டை, வயிற்றுவலி, எல்லாவற்றுக்கும் உன்னிடம் ஜெபம் கேட்டு வருகிறார்களாம்.

நம் வழக்கம் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு சபையை விட்டுப் போன ஆயர் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. கல்யாணத்துக்கோ அடக்கத்துக்கோ போவதென்றாலும் புது ஆயர் அழைத்தால்தான் போகலாம். ஆயருக்கு உள்ளது ஆயரம்மாவுக்கும் உண்டு. நாம் அரக்கோணத்துக்குப் போன புதிதில் பழைய ஆயரம்மா பக்கத்துத் தெருவிலேயே வீடு எடுத்துக்கொண்டு உன்னை என்ன பாடு படுத்தினார்கள் என்பதை நினைத்துப் பார்.

தயவுசெய்து அந்தக் கூட்டத்தை நிறுத்து. ஞாயிறு ஆராதனைக்கும் வேறு சபைக்குப் போவது நல்லது.

அன்புநாதன்


செவிலிமேடு
4 ஆகஸ்ட் 2024

என்னங்க,

நான் கூட்டம் போடவில்லை. வெற்றிலை பாக்கு வைத்து யாரையும் அழைக்கவுமில்லை. அவர்கள் வருகிறார்கள். வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுக்கிறேன். "ஜெபம் பண்ணுங்கம்மா" என்று தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தால் என்ன செய்வது, புது ஆயரிடம் அனுமதிக் கடிதம் வாங்கி வா என்பதா?

அவர்கள் என்னிடம் ஏன் வருகிறார்கள் தெரியுமா? விஷாலை அவர்களுக்குத் தெரியும். கோயிலுக்கு வராமல் போர்வைக்குள் சுருண்டு கிடந்தவனைத் தெரியும். கிறிஸ்துமஸ் நாடகத்தில் உங்களைப் போல அங்கி போட்டுக்கொண்டு, உங்களைப் போலவே அவன் தொண்டையைச் செருமியபோது சபையே விழுந்து விழுந்து சிரித்ததே, அதைப் பார்த்தவர்கள் அவர்கள். டீ குடிக்கும்போது அவனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுவார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை மாமியார் சண்டை வேண்டுமானாலும் கேட்பேன்.

வேறு சபைக்குப் போ என்கிறீர்கள். சரி, போகிறேன். கல்லறைத் தோட்டம் எந்தச் சபையில் இருக்கிறது?

உங்கள் பேச்சைக் கேட்டுப் போன ஞாயிற்றுக்கிழமை நம் கோயிலுக்குப் போகவில்லை. வேறு கோயிலுக்குப் போகவும் கால் வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறித் திருமுக்கூடலில் இறங்கினேன். மூன்று ஆறு கூடுகிற இடம் என்கிறார்கள், எனக்குத் தெரிந்ததெல்லாம் மணல். மணலில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். இருபத்தாறு வருஷத்தில் நான் கோயிலுக்குப் போகாத முதல் ஞாயிறு. கர்த்தர் ஒன்றும் சொல்லவில்லை, கண்டக்டர்தான் சில்லறை கேட்டார்.

அரக்கோணத்து ஆயரம்மாவை ஞாபகப்படுத்தியிருக்கிறீர்கள். அந்த அம்மாள் ஏன் அங்கேயே இருந்தார்கள் என்று நாம் அப்போது கேட்கவில்லை, பாருங்கள்.

பியூலா


நாவல்பேடு
2 செப்டம்பர் 2024

பியூலா,

உன் கடிதத்துக்குப் பதிலாக எழுதியவற்றை இரண்டு முறை கிழித்துப் போட்டேன். நீ சொல்வதுபோல அவை பிரசங்கமாகத்தான் வருகின்றன. இதில் வசனம் எதுவும் இல்லை, கவனித்துக்கொள்.

நான் இன்னும் பெட்டிகளைப் பிரிக்கவில்லை. வேண்டியதை மேலாக எடுத்துக்கொண்டு மூடிவிடுகிறேன். வீட்டில் இருக்க முடியவில்லை. காலையில் சைக்கிளை எடுத்தால் சபை வீடுகள் எல்லாம் முடித்து, சபையில் இல்லாத வீடுகளுக்கும் போய் மோர் குடித்துவிட்டு வருகிறேன். இப்படி வீடு வீடாகச் சந்திக்கிற ஆயரைப் பார்த்ததே இல்லை என்று ஊரில் பெயர். அவர்களுக்கு என்ன தெரியும்.

சபைச் செயலர் சிவராஜ் போன வாரம் வந்து உட்கார்ந்தார். நெல் விதைத்திருக்கிறவர், நேரம் கிடைப்பது அபூர்வம். தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. அம்மாவுக்கும் உங்களுக்கும் எதுனா மனஸ்தாபமா? சொன்னீங்கன்னா பெரியவங்க நாலு பேர் போயி மரியாதையா கூட்டிக்கினு வந்துடறோம்." அப்படி ஒன்றுமில்லை என்றேன். கிறிஸ்துமஸுக்குள் நீ வராவிட்டால் மேலே பேராயத்துக்குப் புகார் எழுத வேண்டும் என்று சபையில் சிலர் பேசுவதாகவும் சொன்னார். குடும்பத்தை ஒழுங்காக நடத்தாத ஆயர் சபையை எப்படி நடத்துவார் என்பது அவர்கள் கேள்வி. நானே மற்றவர்களிடம் கேட்ட கேள்விதான்.

என்னை விட்டு நிரந்தரமாகத்தான் இருக்கப் போகிறாயா? நேராகக் கேட்கிறேன். நீயும் நேராகச் சொல்லிவிடு.

அன்புநாதன்


செவிலிமேடு
27 செப்டம்பர் 2024

என்னங்க,

நேராகக் கேட்டீர்கள், எனக்கும் சந்தோஷம். பதில் எழுதிக்கொண்டிருந்தேன். வருகிறேன் என்றுதான் எழுதப் போனேன். அக்டோபரில் வந்து ஒரு பத்து நாள் இருந்து பார்க்கிறேன் என்று பாதி எழுதியும் விட்டேன். அப்போது உங்கள் சபையிலிருந்து எனக்கு ஒரு விருந்தாளி வந்தாள்.

பெரியநாயகி என்று பெயர் சொன்னாள். மகளுக்குக் கல்யாணமாம், புடவை எடுக்க வேனில் உறவுக்காரர்களோடு வந்தாளாம். ஆயரம்மா இந்த ஊரில்தானே இருக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு மாடி ஏறி வந்துவிட்டாள். கையில் எனக்காக முருங்கைக்காய். காப்பி கொடுத்தேன். சந்தன நிறத்தில் எடுத்த புடவையைப் பிரித்துக் காட்டினாள். கீழேயிருந்து நீலாம்பாளும் வந்து ஜரிகையைத் தடவிப் பார்த்து, ஏமாறவில்லை என்று சான்றிதழ் கொடுத்தாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

புறப்படுகிறபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள்: "பாவம்மா நீங்க. எங்க சபை ஐயரு ஆராதனையில சொன்னாரு, உங்களுக்குப் பிள்ளைங்க இல்லைன்னு. தனியா எப்டிம்மா இருக்கீங்க?"

அவளை வேன் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, அங்கிருந்து அப்படியே திருப்பருத்திக்குன்றம் வரைக்கும் நடந்தேன். ஏன் அங்கே போனேன் என்று கேட்காதீர்கள். ரோடு அங்கே போனது.

பிள்ளைகள் இல்லை என்று சொன்னீர்களா? மைக் பிடித்து, எல்லோர் முன்னாலும் சொன்னீர்களா? ஆறு வருஷம் குழந்தை இல்லாமல் நான் பட்டதற்கெல்லாம் பிறகு பிறந்தவன். 'ஆயரே ஜெபம் பண்றார், அவருக்கே இல்லையே' என்று முதுகுக்குப் பின்னால் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டு பெற்றவன். அவனை நீங்கள் ஒரு வாக்கியத்தில் அழித்துவிட்டீர்கள். மூளைக் காய்ச்சலுக்குக்கூட நாலைந்து நாள் ஆனது.

இப்போது கேளுங்கள் என் நேரான பதிலை. விஷால் என்று எனக்கு ஒரு மகன் இருந்தான் என்று அதே சபையின் முன்னால் நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதுவரை நான் அங்கே வரமாட்டேன். பேராயத்துக்கு எழுதட்டும். வேண்டுமானால் முகவரி நானே தருகிறேன்.

பியூலா


நாவல்பேடு
6 அக்டோபர் 2024

பியூலா,

சொன்னது உண்மைதான்.

முதல் ஞாயிறு. வரவேற்பு வைத்தார்கள். சால்வை போட்டார்கள். 'ஆயர் தன் குடும்பத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வார்' என்று மைக்கைக் கையில் கொடுத்தார்கள். மனைவி காஞ்சிபுரத்தில் இருக்கிறார் என்றேன். எதிரே முதல் வரிசையில் ஒரு பாட்டியம்மாள் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்ததற்காகக் காத்திருந்தார்கள். 'பிள்ளைகள் இல்லை' என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

ஏன் என்று நான் யோசிக்காத நாள் இல்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எல்லோரும் வருவார்கள். கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். அழுகிறவர்களை நான் தேற்ற வேண்டும். காஞ்சிபுரத்தில் துக்கம் கேட்க வந்த அத்தனை பேருக்கும் நான்தான் ஆறுதல் சொன்னேன், நான்தான் ஜெபித்து அனுப்பினேன். ஒரு ஆள், பியூலா, ஒரே ஒரு ஆள்கூட என்னை உட்காரவைத்து எனக்காக ஜெபிக்கவில்லை. ஆயருக்கு ஜெபிக்க யாருக்குத் தைரியம் வரும்? அதையெல்லாம் இன்னொரு ஊரில் மறுபடி தொடங்க எனக்குத் தெம்பு இல்லை.

சொன்ன பிறகு திருத்த முடியவில்லை. அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று நினைப்பேன். அடுத்த ஞாயிறு வந்தால், போன ஞாயிறு பொய் சொன்ன ஆயர் ஆகிவிடுவேனே என்று தள்ளிப் போடுவேன். இப்போது எத்தனையோ ஞாயிறு போய்விட்டது. பொய் சொல்லாதே என்று அந்த மேடையில் நின்று நான் பிரசங்கமும் செய்தாகிவிட்டது.

விஷால். எழுதிப் பார்க்கிறேன். விஷால்.

அன்புநாதன்


(அஞ்சலட்டை)

செவிலிமேடு
14 அக்டோபர் 2024

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். அவன் போன பிறகு வருகிற முதல் திருநாள். அன்றைக்கு இங்கே வந்து அவனிடம் நில்லுங்கள். வர முடியாதென்றால் அங்கே உங்கள் சபையிடம் சொல்லுங்கள். இரண்டும் முடியாதென்றால் எனக்கு எழுத வேண்டாம்.

பி.


நாவல்பேடு
21 அக்டோபர் 2024

பியூலா,

வர முடியாது. அன்று எனக்கு மூன்று கிராமத்துக் கல்லறைத் தோட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு குடும்பமும் வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவத்தியோடு ஆயருக்காகக் காத்திருக்கும். தவிர, அங்கே அன்றைய ஆராதனை சாமுவேல் தம்பியுடையது. அவர் அழைக்காமல் நான் வந்து நிற்பது முறையல்ல.

சொல்லுவேன் என்று வாக்குக் கொடுக்கவும் தைரியமில்லை. கொடுத்துவிட்டு மீறினால் உன்னை முழுவதுமாக இழந்துவிடுவேன். முயற்சி செய்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். இந்தப் பதில் உனக்குப் போதாது என்று தெரியும்.

அன்புநாதன்


செவிலிமேடு
28 அக்டோபர் 2024

என்னங்க,

எழுத வேண்டாம் என்று சொன்னவளே எழுதுகிறேன். இங்கே இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

நேற்று பிரவீனா வந்தாள். அந்தச் சின்ன ஆயரம்மா. இத்தனை மாதத்தில் நான் அவளோடு இரண்டு வார்த்தை பேசியதில்லை. விஷால் படுத்த அறையில் அவர்கள் துணி அயர்ன் செய்கிறார்கள் என்று யாரோ சொன்னதிலிருந்து அவளைக் கண்டால் எனக்கு ஆகாது. வந்தவள் உட்காரவில்லை. டீ வேண்டாம் என்றாள். மாடிப்படி அருகில் நின்றுகொண்டே சொன்னாள்.

"அம்மா, நான் உங்களைக் குறை சொல்ல வரல. உங்க வேதனை எனக்குத் தெரியாது, தெரியும்னு சொன்னா பொய். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். நீங்க இங்க இருக்கிற வரைக்கும் நான் இந்தச் சபைக்கு ஆயரம்மா ஆக முடியாது. நான் ஜெபம் பண்ணா கண்ணைத் தொறந்து என்னையே பாக்கறாங்க. 'பியூலாம்மா இப்படிப் பண்ண மாட்டாங்க'ன்னு என் காதுபடவே சொல்றாங்க. எனக்கு இருபத்தேழு வயசு. நான் இன்னாம்மா பண்ணட்டும்?"

சொல்லும்போதே அழுதுவிட்டாள். எனக்கு வந்த கோபம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. அரக்கோணத்தில் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நான் இப்படித்தான் அழுதேன். 'உங்க பழைய ஆயரம்மாவையே கூட்டிட்டு வந்து வச்சுக்கங்க' என்று உங்களிடம்கூடக் கத்தினேன், ஞாபகம் இருக்குமே.

அவளை உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தேன். என்ன சொல்லி அனுப்பினேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை.

அவள் போனதிலிருந்து ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. வரதர் கோயில் பக்கம் போனேன், பிள்ளையார்பாளையம் போனேன், போன இடத்திலிருந்து எதற்கு வந்தோம் என்று திரும்பினேன். புடவை வேணுமா அக்கா என்று வழியெல்லாம் தரகர்கள். இந்த ஊரில் நான் இருக்கக் கூடாது. உங்கள் ஊரில் நான் பிள்ளை பெறாதவள். இரண்டுக்கும் நடுவில் என்னை எங்கே இருக்கச் சொல்கிறீர்கள்?

பியூலா


நாவல்பேடு
3 நவம்பர் 2024

பியூலா,

நேற்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் தொடங்கி இரண்டு கிராமங்களை முடித்துவிட்டு, கடைசியாக நாவல்பேட்டுத் தோட்டத்துக்கு வந்தோம். நல்ல கூட்டம். மழை வரும் போல இருந்ததால் எல்லோருக்கும் அவசரம். ஒவ்வொரு கல்லறையாக நின்று, குடும்பத்தார் பெயர் சொல்ல, நான் ஜெபிக்க, மெழுகுவத்தி ஏற்ற, அடுத்தது. வாய் தானாக ஓடிக்கொண்டிருந்தது. சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று உள்ளே ஒன்று இடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு கல்லறையிலும் 'அடுத்ததில் சொல்லலாம்' என்று நகர்ந்தேன். அப்படியே எல்லாக் கல்லறையும் தீர்ந்துபோனது.

சிவராஜ் புத்தகத்தை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். "முடிஞ்சுதுங்களா ஐயா? ஆசீர்வாதம் சொல்லிடலாமா?"

முடியவில்லை என்றேன். "இன்னும் ஒண்ணு இருக்கு சிவராஜ். அது காஞ்சிபுரத்துல இருக்குது. என் பையன்."

யாரும் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை, அதுதான் எனக்கு முதலில் புரியவில்லை. சிவராஜ் புத்தகத்தை என் கையிலிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டார்.

"தெரியும் ஐயா. நீங்க வர்றதுக்கு முன்னாடியே தெரியும். பேராயப் பத்திரிகையில போட்டோ போட்டிருந்தாங்களே. அன்னைக்கு நீங்க இல்லைன்னு சொன்னப்ப எல்லாரும் ஒருத்தர் மூஞ்சை ஒருத்தர் பாத்துக்கினோம். நீங்களா சொல்ற வரைக்கும் யாரும் வாயைத் தொறக்கக் கூடாதுன்னு பேசி வச்சிருந்தோம்."

அந்தப் பெரியநாயகி பின்னாலிருந்து முன்னே வந்தாள். "என்னை மன்னிச்சிருங்க ஐயா. பொடவை எடுக்கப் போனது நெசந்தான். அம்மாகிட்ட அப்டிச் சொன்னா அவங்க உங்களுக்கு எழுதுவாங்க, நீங்க மனசு தொறப்பீங்கன்னு நெனச்சேன். அம்மா மூஞ்சி போன போக்கைப் பாத்தப்புறம் எனக்குச் சோறு எறங்கல." உன்னிடமும் மன்னிப்புக் கேட்கச் சொன்னாள்.

பிறகு நடந்ததுதான் முக்கியம். ஆசீர்வாதம் சொல்லக் கையை உயர்த்தப் பார்த்தேன், கை எழவில்லை. சிவராஜ் என் தோளைப் பிடித்து, வெள்ளையடித்த ஒரு கல்லறைத் திண்டின் மேல் உட்காரவைத்தார். 'ஜெபிப்போம்' என்றார். அவர் ஜெபிக்கிறவர் அல்ல, பியூலா. கமிட்டி அறிக்கை படிக்கும்போதே நாலு இடத்தில் தடுக்குகிறவர். "ஆண்டவரே, எங்க ஐயரு பையன் விஷாலு" என்று ஆரம்பித்தார். நான் பெயரைச் சொல்லவே இல்லை, அவர்தான் சொன்னார். அதற்குப் பிறகு என்ன ஜெபித்தார் என்று எனக்குத் தெரியாது. நான் அங்கியோடு உட்கார்ந்து, சின்னப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க, வாய்விட்டு அழுதுகொண்டிருந்தேன். யாரோ ஒரு அம்மாள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார்கள். யாரையும் நான் தேற்றவில்லை. ஆமென் எல்லோரும் சொன்னார்கள், நான் சொல்லவில்லை. நீ சொன்னது சரிதான், ஆமென் சொன்ன பிறகு அழ முடியாது.

வா என்று கேட்க மாட்டேன். நீ விதித்ததை நிறைவேற்றிவிட்டேன் என்ற தோரணையில் இதை எழுதவில்லை. நடந்ததை உனக்குத்தான் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

உன்
அன்பு


செவிலிமேடு
7 நவம்பர் 2024

விஷால் அப்பாவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டுக் கீழே போய் நீலாம்பாளிடம் கொடுத்தேன். எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தாள். "அந்தப் பெரியநாயகி பலே கைகாரிமா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிப்ரவரிக்குப் பிறகு நான் சிரித்தது எனக்கே விநோதமாக இருந்தது.

வெள்ளிக்கிழமைப் பெண்களை எல்லாம் வரவழைத்து, இனி பிரவீனாவிடம் போங்கள் என்று சொல்லிவிட்டேன். முணுமுணுத்தார்கள். கையோடு அவர்களை ஆயர் இல்லத்துக்கு நானே அழைத்துப் போனேன். விஷால் படுத்த அறையையும் பார்த்தேன். துணி அயர்ன் செய்யத்தான் செய்கிறார்கள். அறை என்றால் வேறு எதற்கு? நிற்க முடிந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை கடிதத்திலும் மாற்றல் மீது கோபம், பெயர் எழுதவில்லை என்று கோபம், மைக்கில் சொன்னதற்குக் கோபம் என்று எழுதினேன். எல்லாம் உண்மை. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்ததை நான் எழுதவில்லை. அதைச் சொன்னால் பெரிய பாவம் என்று நினைத்தேன். ஊரே உங்கள் விசுவாசத்தை மெச்சிய விஷயம் அது.

அவனை அடக்கம் செய்த அன்று பக்கத்துச் சபை ஆயர் அங்கியும் புத்தகமுமாகத் தயாராக வந்து நின்றார். நீங்கள் அவரைத் தடுத்தீர்கள். "என் பிள்ளைக்கு நானே செய்கிறேன்" என்றீர்கள். குரல் பிசகாமல் முழு ஆராதனையும் நடத்தினீர்கள். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்படி ஒரு ஆயரா என்றார்கள். நீங்கள் குழியின் தலைமாட்டில் நின்றீர்கள். நான் கால்மாட்டில் நின்றேன். என்னை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் யார் என்றுகூட எனக்குத் தெரியாது. நீங்கள் இல்லை என்பது மட்டும் தெரியும். அன்றைக்கு நான் உங்களை எவ்வளவு வெறுத்தேன் என்றால், அதற்குப் பிறகு ஒரே வீட்டில் எப்படி இருப்பது என்று தெரியாமல்தான் இந்த மாடிக்கு வந்தேன். கல்லறையைக் காரணம் சொன்னேன்.

நாவல்பேட்டில் வேறு ஒருவர் ஜெபிக்க நீங்கள் உட்கார்ந்து அழுதீர்கள் என்று படித்ததும்தான் அந்த வெறுப்பு எங்கே பிடித்துக்கொண்டிருந்தது என்று எனக்கே தெரிந்தது.

வருகிற திங்கட்கிழமை உங்களுக்கு ஓய்வு நாள். வாருங்கள். பெட்டி கட்டி வைத்திருக்கிறேன், உங்களோடு நாவல்பேட்டுக்கு வருகிறேன். ஆனால் முதலில் கல்லறைத் தோட்டத்துக்குப் போக வேண்டும். முறை தவறவில்லை, பயப்படாதீர்கள். சாமுவேல் தம்பியே அழைக்கச் சொன்னார். ஜெபம் அவர் செய்வார், புத்தகம் அவர் கையில் இருக்கும். நீங்கள் அங்கியைக் கொண்டுவர வேண்டாம். வீட்டில் கட்டுகிற வேட்டி போதும்.

வந்து என் பக்கத்தில் நில்லுங்கள். விஷாலுக்கு ஆயர் மண் போட்டாகிவிட்டது. அவன் அப்பா இன்னும் போடவில்லை.

பியூலா